எங்கள் நெல்லும் ஏழு கடலும்

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் நெல்லுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் தேசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரேனும் கேட்டால், ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிறார்கள் என்றுதான் நேயர்களுக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் அது விளையாட்டு விஷயமல்ல. உத்தமபாளையத்துக்கு அருகே எனக்கும் என் தம்பிக்கும் பொதுவாக ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் கற்பித்து மாதச் சம்பளம் வாங்குகிறவள். தம்பி அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிறவன். பட்டம் பெற்றவள் நான்தான் என்றாலும், ஏற்றுமதியைப் பற்றி டில்லியில் என்ன உத்தரவு பிறந்திருக்கிறது என்பது எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். நெல் வியாபாரிகள் வரப்பில் நின்று பேசும் பேச்சில் அது அடிபடுகிறது. "அக்கா, பெனின்னு ஒரு நாடாமே, நம்ம புழுங்கலரிசி அங்கேதான் கப்பல் கப்பலாய்ப் போகுதாமே, அது எங்கே இருக்கு?" என்று அவன் ஒரு நாள் கேட்டான். தேசப்படத்தை விரித்து அந்த மெல்லிய நாட்டைக் காட்டினேன். அங்கே இறங்கும் அரிசியில் பெரும் பங்கு எல்லையைத் தாண்டி நைஜீரியாவுக்குள் போய்விடுகிறது என்பதையும் சொன்னேன். "அப்படின்னா அங்கேயும் ஒரு கம்பம்மெட்டு இருக்குன்னு சொல்லு" என்றான்.

கம்பம்மெட்டு என்பது எங்களுக்கும் கேரளத்துக்கும் நடுவேயுள்ள மலை வாசல்களில் ஒன்று. குமுளி மற்றொன்று, போடிமெட்டு இன்னொன்று. எங்கள் பள்ளத்தாக்கின் அரிசியும் காய்கறியும் லாரிகளில் ஏறி இந்த வாசல்கள் வழியாகத்தான் மேற்கே போகின்றன. விடியுமுன்னே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். ஆகவே, சந்தை என்பது எல்லைக்கு அப்பால் இருக்கக்கூடும் என்பதும், வாசலில் நிற்கும் சிப்பந்தி ஒருவர் கையைக் காட்டினால் வண்டி நின்றுவிடும் என்பதும் எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

எங்கள் நெல்லின் பிறப்பே ஒரு பஞ்சத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அப்போது வைசிராயாக இருந்த லிட்டன் பிரபு, தானிய விலையில் சர்க்கார் எவ்விதத்திலும் தலையிடலாகாது என்று கண்டிப்பாக உத்தரவு செய்தார். வர்த்தக சுதந்திரம் என்பது அவருடைய வேதம். இந்தியாவிலிருந்து சீமைக்குக் கோதுமை ஏற்றிச் சென்ற கப்பல்கள் அந்த வருஷங்களிலும் நிற்கவில்லை. பஞ்சம் ஓய்ந்த பிறகுதான், மேற்கே அரபிக் கடலில் வீணாய் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம். 1895-ல் பென்னிகுயிக் துரை கட்டிய அணை திறந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்த நீர் இறங்கி வருகிறது. இன்றைக்கு லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. எங்கள் ஒன்றரை ஏக்கர் அதற்குள் அடக்கம். ஜனவரி 15-ம் தேதி அந்தத் துரையின் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள் எங்கள் ஜனங்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கு இப்படி மரியாதை செய்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நீரைக் குடித்தவர்களுக்கு அதில் வியப்பில்லை.

ஜனங்கள் பட்டினி கிடந்தபோதும் துறைமுகத்தைத் திறந்து வைத்திருந்தது அந்தக் காலத்துச் சர்க்கார். சுதந்திர இந்தியாவின் சர்க்காருக்கு நேர்மாறான பயம். அந்தப் பயத்தையும் நாம் குறை சொல்லிவிட முடியாது. சென்னை மாகாணம் வெகு காலம் பர்மா அரிசியை எதிர்பார்த்துக் கொண்டிருந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் கப்பல் நின்றது. அடுத்த வருஷம் வங்காளத்தில் நடந்த கோரத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பின்னர் அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையும் வந்தது. 1965-ல் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடும்படி தேசத்தைக் கேட்டுக்கொண்டார். இத்தனையையும் நினைவில் வைத்திருக்கும் சர்க்கார், அரிசி விலை சற்று ஏறியதுமே துறைமுகத்தின் கதவைத் தேடி ஓடுவது இயற்கைதான்.

ஆனால் காலம் மாறிவிட்டது. ஒரு காலத்தில் கையேந்திய தேசம் 2012-ம் வருஷத்திலிருந்து உலகத்திலேயே அதிக அரிசியைக் கடல் கடத்தும் தேசமாகிவிட்டது. 2021-22-ல் 2 கோடி டன்னுக்கு மேல் போயிற்று. உலகத்தில் நாடு விட்டு நாடு போகும் அரிசியில் நூற்றுக்கு நாற்பது பங்கு நம்முடையது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலகத்தில் விளையும் அரிசியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கப்பல் ஏறுகிறது. மற்றதெல்லாம் விளைந்த தேசத்திலேயே அடுப்பேறி விடுகிறது. கோதுமைச் சந்தை ஏரி என்றால் அரிசிச் சந்தை கிணறு. கிணற்றில் ஒரு பெரிய ஏற்றம் நின்றால் தண்ணீர் மட்டம் உடனே தெரியும். 2008-ல் நாம் பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தினோம்; வியட்நாமும் குறைத்தது; பிலிப்பைன்ஸ் பயந்துபோய் வாங்கிக் குவித்தது. தாய்லாந்து அரிசி டன் 1,000 டாலரைத் தாண்டியது. ஹைத்தி நாட்டில் உணவு விலைக் கலகம் மூண்டு அங்குள்ள பிரதம மந்திரி பதவியை இழந்தார். தன் அரிசிக்கிருந்த சுங்கவரியை 1995-ல் குறைத்து, அமெரிக்க அரிசிக்கு வழிவிட்டு, தன் குடியானவர்களைக் கைவிட்ட நாடு அது. அதற்கு உடந்தையாயிருந்த கிளிண்டன் 2010-ல் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தை உலையில் போட்டுப் பொங்க முடியாது அல்லவா?

சமீப காலத்துக் கதைக்கு வருகிறேன். 2022 மே மாதம் கோதுமை ஏற்றுமதி நின்றது. அதே வருஷம் செப்டம்பரில் நொய்யரிசிக்குத் தடை வந்தது. நொய் என்றால் நம் வீடுகளில் கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் கோழிக்கும் என்று வைத்திருப்போம். செனகல் நாட்டு ஜனங்களுக்கு அதுதான் விருந்துச் சாப்பாடு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து மலிவான நொய்யைக் கொண்டுவந்து அந்த நாட்டில் கொட்டிப் பழக்கினார்கள். பழக்கம் ருசியாயிற்று, மீனோடு சேர்த்து அவர்கள் ஆக்கும் சோற்றுக்கு முழு அரிசி ஆகாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. பிறகு அந்த நொய்யை நாம் கொடுத்து வந்தோம். ஆனால் தடைக்கு முந்தின வருஷம் நம் நொய்யை அதிகம் வாங்கியது செனகல் அல்ல, சீனா. அதுவும் மிருகங்களின் தீவனத்துக்காக! பன்றிக்குப் போகிறதே என்று டில்லியில் கதவைச் சாத்தினால், டாக்கர் நகரத்து ஏழையின் பானையும் சேர்ந்தே காலியாகிறது.

2023 ஜூலை 20-ம் தேதி பெரிய உத்தரவு வந்தது. பாசுமதி அல்லாத பச்சரிசி முழுவதற்கும் தடை. ஒரு வருஷத்தில் சில்லறை விலை நூற்றுக்கு 11.5 ஏறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். எல் நினோவினால் மழை பொய்க்கும் என்ற அச்சமும் இருந்தது. பொதுத் தேர்தல் அடுத்த வருஷம் என்பதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டில் புழுங்கலுக்கு நூற்றுக்கு 20 வரி. எங்கள் பள்ளத்தாக்கில் அப்போது முதல்போக நாற்று நட்டு வேர் பிடித்துக் கொண்டிருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மாமா மகள் அந்த வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்குள்ள இந்தியக் கடைகளில் ஜனங்கள் வரிசையில் நின்று அரிசி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றும், ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று கடைக்காரர் எழுதிப் போட்டுவிட்டார் என்றும் சொன்னாள். "அத்தாச்சி, நம்ம ஊர்லதான் வயல் வயலா விளையுதே, அனுப்பினா என்ன?" என்று அவள் கேட்டது வேடிக்கையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு அந்தச் சங்கடம் நீடிக்கவில்லை. அந்த ராஜாங்கம் கேட்டுக்கொண்டதன்மேல் 50,000 டன் விசேஷமாக அனுமதிக்கப்பட்டது. பூட்டானுக்கும் மொரீசியஸுக்கும் அவ்வாறே. சிங்கப்பூர்த் தமிழர் ஆசையோடு தேடும் பொன்னி அரிசியின் கதை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அது மலேயாவில் உண்டாக்கிய மசூரி நெல்லின் வழித்தோன்றல்; இங்கே வந்து, கோயம்புத்தூரில் சீர்திருத்தப்பட்டு, 1986-ல் வெள்ளைப் பொன்னி என்று வெளியாயிற்று. விதை கிழக்கிலிருந்து கடல் தாண்டி வந்தது. அரிசி திரும்பிப் போவதற்குத்தான் அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது!

இப்போது நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்கு நெல் கப்பல் ஏறுவதே இல்லை, மலை ஏறுவதோடு சரி. பின் ஏற்றுமதித் தடையால் உங்களுக்கு என்ன வந்தது?

தென்னாட்டு அரிசிச் சந்தை மடைகள் பல உள்ள ஒரே கண்மாய். ஆந்திரத்துக் காக்கிநாடா துறைமுகத்தில்தான் பாசுமதி அல்லாத அரிசி மிகுதியாகக் கப்பலேறுகிறது. அந்த மடையை அடைத்துவிட்டால் கோதாவரிக் கரை அரிசி எங்கே போகும்? லாரி ஏறித் தெற்கே வரும். அது வந்தால் மில்காரர் எங்கள் ஊர் நெல்லுக்கு விலை சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். வரப்பில் நிற்கும் வியாபாரிக்கு அதற்கு மேல் சாக்கும் வேண்டியதில்லை. 2023-ல் காவிரியில் தண்ணீர் இல்லாமல் டெல்டாக் குறுவை சோர்ந்து போயிற்று. அதனால் எங்களுக்கு முதல்போக விலை கீழே விழவில்லை. தம்பிக்குக் கையில் நாலு காசு நின்றது. ஆனால் அதே சமயத்தில் வெளியுலகில் அரிசி டன் 650 டாலரைத் தொட்டுப் பதினைந்து வருஷங்களில் காணாத உச்சத்தில் இருந்தது. அந்த உச்சத்தின் நிழல்கூட எங்கள் களத்தில் விழவில்லை.

2024 செப்டம்பர் கடைசியில் பச்சரிசித் தடை நீங்கியது. அக்டோபரில் வரியும் குறைந்தபட்ச விலை நிபந்தனையும் போயின. 2025 மார்ச்சில் நொய்க்கும் விடுதலை. நல்ல சமாசாரம்தான். ஆனால் கதவு திறந்தபோது வெளியே யார் நின்றார்கள்? நாம் திரும்பி வந்த வேகத்திலேயே விலை சரிந்து, 2025-ல் டன் 400 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த வருஷம் ஜூன் மாதம் நம் சர்க்கார்க் களஞ்சியத்தில் அரிசியும் நெல்லுமாய்த் தேவைக்கு நான்கு மடங்கு குவிந்து கிடந்தது. பிலிப்பைன்ஸ் தன் குடியானவர்களைக் காப்பாற்றுவதற்காக 2025 செப்டம்பரில் இறக்குமதியை நிறுத்திவைத்தது. நாம் ஏற்றுமதிக் கதவைச் சாத்தினோம். அவர்கள் இறக்குமதிக் கதவைச் சாத்தினார்கள். அவரவர் ஜனங்களுக்காக அவரவர் சாத்திக்கொள்வதை யார் குறை சொல்வது? ஜப்பானில் அதே வருஷம் ஐந்து கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டிவிட்டது. மற்ற இடங்களில் வாங்குவாரின்றி விலை விழுந்து கொண்டிருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது தண்ணீரின் சுபாவம். அரிசிக்கு அந்தச் சுபாவம் கிடையாது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். விலை ஏறும்போது கதவு சாத்தப்படுகிறது. விலை இறங்கும்போது திறந்துவிடப்படுகிறது. தடை 2007-ல் தொடங்கி 2011-ல் நீங்கியபோதும் ஏறக்குறைய இதே கதைதான். உண்கிறவருக்கு அது குடை. விளைவிக்கிறவனுக்கு உச்சம் கிடையாது, பள்ளம் மட்டும் உண்டு. கொள்முதல் விலை இருக்கிறதே என்று சொல்லலாம். 2025-26-ல் சாதாரண ரகத்துக்கு மத்திய சர்க்கார் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் வைத்தது. ராஜ்ய சர்க்கார் மேலே சேர்த்து 2,500 ஆக்கியது. கொள்முதல் நிலையம் அறுப்பு சமயத்தில் திறந்திருந்தால் அந்த விலை நிஜம். அறுத்த நெல் நனைந்து கிடக்கும்போது அது திறக்கவில்லையென்றால், வரப்பு வியாபாரி சொல்வதுதான் விலை.

ஜெனீவாவிலுள்ள உலக வர்த்தக ஸ்தாபனத்தில் நம்மீது வேறொரு குற்றச்சாட்டு. விளைச்சல் மதிப்பில் நூற்றுக்குப் பத்துக்குமேல் நெல்லுக்கு உதவி செய்கிறீர்கள், மலிவான அரிசியை எங்கள் சந்தையில் கொட்டுகிறீர்கள் என்று அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தாய்லாந்தும் முறையிடுகின்றன. 2018-19-ல் அந்தப் பத்தைத் தாண்டிவிட்டதை ஒப்புக்கொண்டு, 2013-ல் பாலித் தீவில் கிடைத்த சமாதான ஷரத்தை நாம் காட்டினோம். அந்த ஷரத்தைப் பயன்படுத்திய முதல் தேசம் நாமே. இந்தப் பத்து சதவிகிதக் கணக்கில் ஒரு விநோதம். இன்றைய கொள்முதல் விலையை எடுத்து, 1986 முதல் 1988 வரை இருந்த உலக விலையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் 'உதவி' என்று எழுதிக்கொள்கிறார்கள். 1986-ல் நான் பாலர் வகுப்பில் கூடச் சேரவில்லை. அந்தக் காலத்து விலைக்கு இன்று யாராவது ஒரு படி அரிசி கொடுத்தால் நானே வாங்கிக்கொள்ளத் தயார்!

அதற்காக நம் பக்கம் எல்லாம் நியாயம் என்றும் நான் வாதாட மாட்டேன். ஒரு கிலோ அரிசிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது. பஞ்சாபில் இலவச மின்சாரத்தில் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கிணறுகள் பாதாளத்துக்குப் போய்விட்டன. அங்கிருந்து அரிசி போகும்போது அந்த நீரும்தான் போகிறது. மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்த ஊர்க்காரி நான். 142 அடியா, 152 அடியா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்காடின நீர் எங்களுடையது. அந்த அளவை ஒவ்வோர் அடியாகப் பத்திரிகையில் படித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரை மூட்டை கட்டி மலிவு விலைக்கு அனுப்புவது மனத்துக்கு ஒப்புவதில்லை.

இவ்வளவையும் தம்பியிடம் ஒரு நாள் சொன்னேன். தடை போடுவதானால் நாற்று விடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரேயடியாய்ச் சாத்தாமல் விலைக்குத் தகுந்தபடி வரியை ஏற்றி இறக்கலாம். சாத்தினால் குடியானவனுக்கு அந்த வருஷம் கொள்முதல் விலையில் கூடச் சேர்த்துத் தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அக்கா, நான் அறுத்த அன்னைக்கே நெல்லைக் கொடுத்துட்டு, அப்புறம் கடையிலேதான் அரிசி வாங்குறேன். ரேஷன் அரிசி இட்லிக்கு ஆகுது. விலை ஏறினா எனக்கும்தான் கை கடிக்குது. நடவுக்கு வர்ற பொம்பளைங்களை நினைச்சுப் பாரு, அவங்களுக்கு நெல்லும் இல்லை, நிலமும் இல்லை" என்றான். பொருளாதாரப் புத்தகங்களில் உற்பத்தியாளர் ஒரு பக்கத்திலும் நுகர்வோர் மறு பக்கத்திலும் நிற்பார்கள். எங்கள் வீட்டில் இருவரும் ஒரே வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூன் மாதம் அணையில் தண்ணீர் திறப்பதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. எங்களைச் சுற்றிலும் சிலர் நெல்லை விட்டுத் தென்னைக்கும் வாழைக்கும் போய்விட்டார்கள். சாலையோரத்து நஞ்சைகளில் எல்லைக் கற்கள் முளைத்து, வீட்டு மனை விற்பனைக்கு என்று பலகையும் தொங்குகிறது. எங்களிடமும் தரகர் ஒருவர் இரண்டு தடவை வந்து போனார். மேல்வயல் முக்கால் ஏக்கரில் தென்னம்பிள்ளை வைத்துவிடலாம் என்றான் தம்பி. பாதிப் பங்குக்காரி என்ற முறையில் சம்மதித்தேன். கீழ்வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கும், நெல்லைத் தவிர அங்கே வேறெதுவும் வராது. அதற்குக் கோ 51 விதை வாங்கி வைத்திருக்கிறான்.